சேவல் வீட்டு யூதாஸ்

எங்கள் ஊரில் வீட்டு எண்ணைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பாஸ்காவில் என்ன வேஷம் கட்டினார்கள் என்று சொன்னால் நேராகக் கொண்டுபோய் வாசலில் விடுவார்கள். பாஸ்கா என்பது இயேசு பாடுபட்டதை ஈஸ்டர் வாரத்தில் மேடை போட்டு நாடகமாக நடத்துவது. ஆவூர்ப் பக்கம் கத்தோலிக்க ஊர்களில் அது பெரிய விசேஷம். எங்கள் ஊரில் அதுதான் முகவரியும். டீக்கடை, இயேசுவுக்கு மரணதண்டனை கேட்ட தலைமைக் குரு கேயபாஸின் கடை. மளிகைக்கடைக்காரர் பேதுரு. முன்னாள் ஊராட்சித் தலைவர் பிலாத்து வீட்டுக்காரர். எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் அவர் கையைக் கழுவிவிடுவார். அதற்கும் வேஷத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

என் பெயர் ஜெரோம். பல வருடங்களாக நான்தான் மாதா. ஆமாம், மாதாதான். எங்கள் மேடையில் பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைதான் கட்டுவான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நான் மீசையை எடுத்தால் ஈஸ்டர் கழிந்துதான் மறுபடி முளைக்க விடுவேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷ ஆல்பங்களில் பாதிப் படத்தில் எனக்கு மீசை இருக்காது. இப்போது இயேசுவாக நடிப்பவன் என் மகன் கிறிஸ்டோ. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னால் செய்யமாட்டான். மேடையில் என்னைப் பார்த்து "அம்மா" என்பான், ஊரே அழும்.

ஆனால் நான் சொல்லவந்தது என் கதை இல்லை. என் பெரியப்பா மகன் இருதயநாதனின் மனைவி வியாகுலமேரி மதினியின் கதை.

மதினிக்குப் பிறந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். பொண்ணு கேட்டுப்போன தரகர், மாப்பிள்ளை விவசாயம் பார்க்கிறார், நல்ல பையன், அதோடு பாஸ்காவில் முக்கியமான கலைஞர், அவர் இல்லாவிட்டால் பேதுருவுக்கு அழுகையே வராது என்று சொன்னார். மதினி அதைக் கேட்டு மயங்கிவிட்டது. பட்டுச் சால்வையும் தாடியுமாக ஒரு ஆளை மனசில் வரைந்து வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வாழ வந்தது. முதல் வருடம் பாஸ்காவுக்கு முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்து, புருஷன் எப்போது வருவார், எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. வரவே இல்லை. பேதுரு மூன்றாம் தடவையாக "அந்த மனிதனை நான் அறியேன்" என்று சொன்னதும், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் கூவியது. அதுதான் இருதயநாதன் அண்ணன்.

தரகர் பொய் சொல்லவில்லை. சேவல் கூவுமுன் மூன்று தடவை என்னைத் தெரியாது என்பாய் என்று இயேசு பேதுருவிடம் முன்பே சொல்லியிருப்பார். சேவல் கூவாமல் அது ஞாபகம் வந்து பேதுரு எப்படி அழுவார்? அண்ணன் கூவினால் நிஜச் சேவலே பதில் கூவும், அவ்வளவு சுத்தம். ஆனாலும் மதினிக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அன்றிலிருந்து அது சேவல் பொண்டாட்டி, வீடு சேவல் வீடு. பள்ளிக்கூடத்தில் அதன் மகள் ஜாஸ்பின் சேவல் வீட்டுக் குஞ்சு.

அந்த ஏமாற்றத்திலிருந்து மதினி மூன்று கேள்விகளைக் கண்டுபிடித்தது. யார் என்ன சொன்னாலும் கேட்கவேண்டியவை. இதைச் சொல்றது யாரு? சொல்றவங்களுக்கு இதுல என்ன ஆகணும்? சொல்லாம விட்டது எது? கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத் தரகரிடம் கேட்காமல் போனதால்தான் இந்தக் கதி என்று புருஷனை வைத்துக்கொண்டே சொல்லும். அண்ணனும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்.

பிள்ளைக்குத் தாலாட்டுக்குப் பதில் இந்த மூன்றையும்தான் பாடி வளர்த்தது. சிவப்பழகு கிரீம் விளம்பரம் வந்தால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மூன்று கேள்வி. ஜோசியர் வந்தால் மூன்று கேள்வி. ஜாஸ்பின் ஆறாம் வகுப்பில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதியது. "என் அம்மா வீட்டு வேலைகள் அனைத்தையும் மகிழ்ச்சியுடன் செய்வார்." மதினி மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், வேலை செய்யறது சரி, மகிழ்ச்சியுடன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது, என்னைக் கேட்டீங்களா என்று கேட்டதாம். டீச்சர் பாவம், நல்லவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, என் வீட்டுலயும் என்னை யாரும் கேக்கலைங்க என்று அந்த வார்த்தையை அடித்துவிட்டாராம்.

பங்குச்சாமியாரையும் மதினி விட்டதில்லை. கடைசி இராவுணவைப் பற்றி ஒரு ஞாயிறு உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்ததும் மதினி போய், அத்தனை பேரு சாப்பிட்டாங்களே சாமி, அந்தப் பாத்திரத்தையெல்லாம் யாரு வெளக்குனது என்று கேட்டது. சாமியார் விவிலியத்தில் அது பற்றிக் குறிப்பு இல்லை என்றார். அதான் சாமி, சொல்லாம விட்டுட்டாங்க என்று மதினி சொல்லிவிட்டு வந்தது. அன்று முதல் அண்ணன் பாத்திரம் விளக்குகிறார். கொல்லைப்புறத்தில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் விளக்குவார். ஆனாலும் விளக்குகிறார்.

ஜாஸ்பின் புதுக்கோட்டையில் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், அம்மா, நீ பேசுறதுக்குப் பேரு பெண்ணியம் என்று சொல்லியது. இதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்காங்களா என்று மதினி ஆச்சரியப்பட்டது.

மதினிக்குத் தொழில் தையல். பாஸ்காவுக்கு உடுப்பு முழுக்க அதன் கைவண்ணம்தான். பட்டுக்கும் ஜரிகைக்கும் எங்கே போவது? ரோமப் போர்வீரர்களின் கவசம் எல்லாம் காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா ஃபிளக்ஸ் பேனர்கள். பின்பக்கத்தில் வெள்ளிப் பெயிண்ட் அடித்து வெட்டித் தைத்துவிடும். தலைக்கவசத்துக்கு மேலே சிவப்புச் சாயம் போட்ட தென்னை விளக்குமாறு. பார்த்தால் ரோமாபுரியே இறங்கி வந்ததுபோல இருக்கும். ஒரே ஒரு கஷ்டம், வீரன் வேகமாகத் திரும்பினால் உள்பக்கம் தெரியும். ஒரு வருடம் இயேசுவைச் சாட்டையால் அடித்தவன் திரும்பியபோது அவன் இடுப்பில் 'வருக வருக என அன்புடன் அழைக்கும் தாய்மாமன்கள்' என்று இருந்தது.

எனக்கு ரவிக்கை தைப்பதும் மதினிதான். போன வருடம் சாம்பல் புதன் கழிந்து அளவு கொடுக்கப் போனேன். டேப்பை என் தோளில் வைத்துவிட்டு அப்படியே நின்றது.

"கொழுந்தனாரே, ஒங்களுக்கு ரவிக்கை தைக்கிறது இதோட சரி. ஊருல இத்தனை பொம்பளைக இருக்கையில, மாதாவுக்கு எதுக்கு நான் ஒட்டுத்துணி வச்சுத் தைக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. மதினி மாதா வேஷத்துக்கு ஜாஸ்பினை மனசில் வைத்திருப்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜாஸ்பின் மாதாவானால் மதினி மாதாவைப் பெற்றவள். சேவல் என்ற பேச்சே ஊரில் எடுபடாது. அந்த ஆசை அதன் கண்ணில் பளிச்சென்று தெரிந்தது. நியாயமான ஆசை. என் வேஷத்தைப் பிடுங்குகிற ஆசை என்பதால் மட்டும் அது அநியாயம் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று இரண்டு டீ குடித்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

கோயில் வளாகத்தில் கூட்டம். கமிட்டித் தலைவர் டீக்கடை கேயபாஸ். நாடகம் சொல்லிக்கொடுப்பவர் உபதேசியார். மதினி எழுந்து, பொம்பளை வேஷத்தைப் பொம்பளைக கட்டக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு என்று கேட்டது. காலங்காலமாய் நடப்பது என்றார் கேயபாஸ். காலங்காலமா மைக்கும்தான் இல்ல, இப்ப கட்டலையா என்றது மதினி. பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை. சாமியாரும் சிரித்துவிட்டார். இந்த வருடம் முதல் பெண்களும் நடிக்கலாம் என்று முடிவாயிற்று. மதினி என்னைப் பார்த்து வருத்தப்படாதீங்க என்று கண்ணால் சொன்னது.

அப்போது உபதேசியார், மாதா கிடக்கட்டும், முதலில் யூதாஸுக்கு வழி சொல்லுங்கள் என்றார். அது பெரிய சங்கடம். யூதாஸ் கட்டுகிறவனை எங்கள் ஊர் வேஷத்தோடு சேர்த்து நிஜமாகவே திட்டும். மண்ணள்ளி எறியும். கிழவிகள் கடலைத் தொலியைச் சேர்த்து வைத்திருந்து வீசுவார்கள். பட்டமும் ஒட்டிக்கொள்ளும். அதுவரை யூதாஸ் கட்டிய மதலைமுத்துவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், யூதாஸ் வீடு எது என்று வழி கேட்கும்படி ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள். மதலைமுத்து இனிச் சத்தியமாகக் கட்டமாட்டேன் என்றுவிட்டார். வேறு ஒருவனும் முன்வரவில்லை.

ஜாஸ்பின் எழுந்து, நான் கட்டுறேன் என்றது.

மதினியின் முகத்தை நான் பார்த்தேன். சற்றுமுன் கைதட்டல் வாங்கிய முகம் அது. உடனே எழுந்து, அவ சும்மா சொல்றா, அவ மாதாதான் என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. என் ரவிக்கைத் துணி அங்கே இருந்ததால் நானும் பின்னாலேயே போனேன். துணி ஒரு சாக்கு என்பது வேறு விஷயம்.

மதினி மெஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே பேசியது. இத்தனை வருஷமா சேவல் பொண்டாட்டின்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு, இனி யூதாஸ் அம்மான்னு வேற கேக்கணுமா, நாளைக்கு யூதாஸ் வீட்டுல எவன் வந்து பொண்ணு எடுப்பான் என்று வரிசையாகக் கேட்டது. மெஷின் சத்தத்தை மிஞ்சிய சத்தம். ஜாஸ்பின் பொறுமையாகப் பதில் சொன்னது.

"மாதா அழுவுறாங்க, மயங்கி விழுவுறாங்க, எந்திரிச்சு மறுபடி அழுவுறாங்க. யூதாஸ்தாம்மா யோசிக்கிறான். தப்புப் பண்றான், தெரிஞ்சதும் துடிக்கிறான். நடிக்கிறதுக்கு அதுலதான் எடம் இருக்கு."

பல வருடம் அழுது, விழுந்து, எழுந்து மறுபடி அழுத எனக்கு அது நல்லாவே வலித்தது. சித்தப்பா, ஒங்களைச் சொல்லல என்றது ஜாஸ்பின். வேறு யாரைச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

"வேண்டாம்னா வேண்டாம்," என்றது மதினி. "ஊரு ஒரு மாதிரி பேசும்."

"சரிம்மா. இதைச் சொல்றது யாரு?"

"அதான் சொன்னேனே, ஊரு."

"ஊருக்கு இதுல என்ன ஆகணும்?"

மெஷின் நின்றது.

"சொல்லாம விட்டது எது?"

மதினி நூலைப் பல்லால் கடித்து அறுத்தது. போய்ச் சோத்தைப் போட்டுத் தின்னு என்றது. அந்த வீட்டில் அப்படி ஒரு பதில் வந்து நான் கேட்டதே இல்லை. அண்ணன் கொல்லைப்புறத்தில் பாத்திரத்தை மெதுவாக, சத்தம் வராமல் விளக்க ஆரம்பித்தார்.

இரண்டு நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் பால் சொசைட்டியில் மதினி என்னைப் பிடித்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பக்கத்து ஊருக்காரர்கள் எல்லாம் நம்ம பாஸ்காவுக்கு எதுக்கு வர்றாங்க தெரியுமா என்று கேட்டது. பக்திக்கு என்றேன். இல்லை, யூதாஸைத் திட்ட வர்றாங்க, யூதாஸ் இல்லன்னா உங்க நாடகத்துக்கு ஈ காக்கா வராது, அதை ஊரு சொல்லாம விட்டுடுச்சு என்றது. பிறகு பால் தூக்கை வாங்கிக்கொண்டு, அவளை நான்தான் இப்படி வளத்துட்டேன், இப்ப அழுது என்ன ஆகப்போகுது என்று சொல்லிவிட்டுப் போனது.

மறுபடி கூட்டம். இந்த முறை கேயபாஸ் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். யூதாஸ் இயேசுவுக்கு முத்தம் கொடுத்துத்தானே காட்டிக்கொடுக்கிறான், கன்னிப்பெண் மேடையில் எப்படி ஒரு பையனுக்கு முத்தம் கொடுப்பாள் என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மதினி மட்டும் நிமிர்ந்து, அந்தப் பையன் இவளுக்குச் சித்தப்பா மகன், அண்ணனுக்குத் தங்கச்சி குடுக்கிற முத்தத்துல ஒங்களுக்கு என்னண்ணே கஷ்டம் என்று கேட்டது. கேயபாஸ் டீக்கடைக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டார். மாதா வேஷத்துக்கு வேறு பெண்கள் யாரும் வரவில்லை. யூதாஸுக்கே பொம்பளை என்றான பிறகு மாதாவுக்காவது பழைய ஆள் இருக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. என் ரவிக்கை தப்பியது.

யூதாஸின் அங்கியை மதினி பார்த்துப் பார்த்துத் தைத்தது. புதுத் துணி, பேனர் கிடையாது. மண்ணும் கடலைத் தொலியும் கண்ணில் படாமல் இழுத்துவிட்டுக்கொள்ள முக்காட்டை அகலமாக வைத்தது.

பாஸ்கா அன்று பொழுது சாய்வதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. மதினி முன்வரிசைக்கு வரவில்லை. பின்னால், வெளியூர்ப் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் இலுப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா, மடி நிறையக் கடலைத் தொலியோடு.

முத்தக் காட்சி வந்தது. ஜாஸ்பின் நேராகப் போய் முத்தம் கொடுக்கவில்லை. பக்கத்தில் போய், நின்று, திரும்பி, மறுபடி போனது. கன்னத்தில் உதடு பட்டதோ இல்லையோ, மண்ணும் தொலியும் மழையாய் வந்து விழுந்தன. நாசமாப் போறவனே, கட்டையில போறவனே, எந்த வயிறு இதைச் சுமந்துச்சோ என்று நாலா பக்கமும் திட்டு. இலுப்பூர் அம்மா முழு மடியையும் காலிசெய்துவிட்டுத்தான் கவனித்தார், குரல் பெண்குரலாக இருக்கிறதே என்று.

"இது பொம்பளப் புள்ளையில்ல? யாரு பெத்த புள்ளைங்க இது?" என்று மதினியிடம் கேட்டார்.

"தெரியலைங்க," என்றது மதினி.

கொஞ்ச நேரம் கழித்து, நீங்க இந்த ஊருதானே, தெரியாம இருக்குமா என்று அவர் விடாமல் கேட்டார். நான் வெளியூருங்க, எனக்குத் தெரியாது என்று மதினி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டது. இதெல்லாம் மதினி பிறகு சொன்னது. அந்த நேரத்தில் நான் மேடை ஓரத்தில், நீலப் புடவையில், அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் நிலைமை சரியில்லை. மகளைத் திட்டிய ஒவ்வொரு திட்டுக்கும் அவர் தோள் குலுங்கியது.

மேடையில் மளிகைக்கடைப் பேதுரு முதல் தடவை அறியேன் என்றார். இரண்டாம் தடவையும் சொன்னார். மூன்றாம் தடவை கையை விரித்து, "அந்த மனிதனை நான் அறியேன்" என்று முழங்கிவிட்டுச் சேவலுக்காகக் காத்திருந்தார்.

சேவல் கூவவில்லை.

நான் அண்ணனை முழங்கையால் இடித்தேன். கூவுண்ணே என்று காதில் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாய் ஓடியது. பேதுரு விரித்த கையை மடக்கவும் முடியாமல் அப்படியே நின்றார். மைக்கில் இரைச்சல் மட்டும் கேட்டது. இடிக்கிற மாதாவைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தன.

அப்போது பின்னாலிருந்து வந்தது ஒரு கூவல். அண்ணன் கூவல்போல வழவழப்பு இல்லை. கரகரவென்று, நடுவில் உடைந்து, ஆனால் மேடை வரைக்கும் கணீரென்று வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியூர்ப் பெண்கள் நடுவில் வியாகுலமேரி மதினி எழுந்து நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மறுபடி ஒருமுறை கூவியது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பேதுரு விழுந்து விழுந்து அழுதார். அவ்வளவு நன்றாக அவர் அழுததே இல்லை.

மதினி இலுப்பூர் அம்மா பக்கம் குனிந்தது.

"அது என் மகளுங்க. நான் பெத்தது."

பிறகு யூதாஸ் தன் தவறை உணர்ந்து துடிக்கும் காட்சியில், ஜாஸ்பின் ஒரு வார்த்தை பேசாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றபோது, அதே அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். எங்கள் ஊரில் யூதாஸுக்காக ஒருத்தர் அழுதது அதுதான் முதல் தடவை. கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடையில் கேயபாஸ் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, என்ன யூதாஸம்மா, பால் ஊத்தியாச்சா என்றார். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். மதினி கையில் இருப்பது பால் தூக்கு, எறிந்தால் மண்டை உடையும். ஆனால் மதினி நின்று, ஊத்தியாச்சு கேயபாஸண்ணே என்று சொல்லிவிட்டு நடந்தது.

நானும் கூடவே நடந்தேன். பழைய மீசை இருந்த இடம் அரித்தது. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இனிமேல் கூவமாட்டேன், நீயே கூவு என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மதினி சிரித்தது. சிரித்துக்கொண்டே வந்தது, கோயில் திருப்பத்தில் நின்றுவிட்டது.

"அந்தம்மா ரெண்டு தடவை கேட்டுச்சு கொழுந்தனாரே. ரெண்டு தடவையும் தெரியாதுன்னுட்டேன். பெத்த புள்ளையை." தூக்கைக் கை மாற்றிக்கொண்டது. "மூணாவது தடவை கேக்க வாயத் தொறந்துச்சு. ஒங்க அண்ணன் மட்டும் ஒழுங்கா கூவியிருந்தா, நான் நேத்து என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியல."